லேப்டாப் தானாக ஆஃப் ஆகிறதா? ஃபார்மேட் அடிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

போன மாதம் பக்கத்துத் தெரு டீச்சர் ஒருவர் லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, இது திடீர் திடீர்னு ஆஃப் ஆகுது. மூணு தடவை ஓஎஸ் மாத்தியாச்சு. அப்படியேதான் இருக்கு."

மூன்று தடவைக்கும் சேர்த்து அவர் கொடுத்திருந்த காசில் ஒரு புது பேட்டரியே வாங்கியிருக்கலாம். "எப்படி ஆஃப் ஆகுதுங்க டீச்சர்?" என்று கேட்டேன். "எப்படின்னா? ஆஃப் ஆகுது, அவ்வளவுதான்" என்றார். "எந்த நேரத்துல?" என்றதும்தான் யோசித்தார். "சாயங்காலம் கரண்ட் போய்ட்டுப் போய்ட்டு வருமே, அப்பதான் நிறைய."

சார்ஜரைப் பிடுங்கினேன். திரையில் பேட்டரி 96 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தபோதே லேப்டாப் பொட்டென்று அணைந்தது. நான்கு நொடிகூட ஆகவில்லை.

இந்த வேலையில் எனக்குத் தெரிந்த சூட்சுமம் இதுதான்: எப்படி அணைந்தது, எப்போது அணைந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அது தெரியாமல் ஓஎஸ் மாற்றுவது, ரேம் மாற்றுவது, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவுவது எல்லாம் சீட்டுக் குலுக்கிப் பார்க்கிற கதைதான். கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள். முதல் மூன்று படிகளுக்குத் திருப்புளியே வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் முக்கியமான கோப்புகளை ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நகல் எடுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கோப்பு கெடும். சில நேரம் டிஸ்க்கே சேர்ந்து போகும். லேப்டாப்பை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை வாங்க முடியாது.

படி 1: எப்படி அணைகிறது?

"ஆஃப் ஆகிறது" என்ற ஒரே வார்த்தையில் நான்கு வேறு வேறு நோய்களைச் சொல்கிறோம்.

முதலாவது, வெட்டு. எந்த அறிவிப்பும் இல்லாமல் திரை, விளக்கு, ஃபேன் சத்தம் மூன்றும் ஒரே கணத்தில் நிற்கும். மின்சாரம், வெப்பம், மதர்போர்டு ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம். விண்டோஸை இதில் சந்தேகிக்க அநேகமாகத் தேவையில்லை.

இரண்டாவது, முறையாக விடைபெற்றுப் போவது. "ஷட்டிங் டவுன்" என்ற எழுத்து வந்து, சக்கரம் சுற்றி, பிறகு அணையும். யாரோ உத்தரவு கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ ஒரு மென்பொருள்.

மூன்றாவது, நீலத் திரை. ஒரு நொடி மின்னி மறைந்து தானாக ரீஸ்டார்ட் ஆகும். புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் அந்தத் திரை கறுப்பாகவே வருகிறது. கறுப்பைப் பார்த்து "ஆஃப் ஆகிவிட்டது" என்று நினைத்துவிட வேண்டாம்.

நான்காவது, அணையவே இல்லை. டிஸ்ப்ளே மட்டும் இருண்டிருக்கும், அல்லது லேப்டாப் தூங்கப் போயிருக்கும். திரை இருண்டதும் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. திரையின் ஒயரையோ, திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவரையோதான் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து மூடும்போது மட்டும் இருள்கிறது என்றால் ஹிஞ்ச் (மூடியின் கீல்) வழியாகப் போகும் கேபிள்.

ஒரு தாளை எடுத்து அடுத்த மூன்று முறை அணையும்போதும் குறித்துவையுங்கள்: மணி என்ன, ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆனது, சார்ஜர் போட்டிருந்ததா, பேட்டரி எத்தனை சதவீதம், என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, அடிப்பக்கம் சூடா, உடனே மறுபடி ஆன் ஆனதா. சலிப்பான வேலைதான். ஆனால் இந்தத் தாளை என் மேசையில் வைக்கிற வாடிக்கையாளருக்குப் பாதி நேரம் அதைப் படித்தே பதில் சொல்லிவிடுவேன்.

படி 2: விண்டோஸ் எழுதிவைத்த குறிப்பு

விண்டோஸ் ஒரு நாட்குறிப்பு எழுதுகிறது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வலதுபக்கம் 'ஃபில்டர் கரன்ட் லாக்' என்பதை அழுத்தி, எண்கள் கேட்கும் கட்டத்தில் 41, 86, 1001, 1074, 6008 என்று காற்புள்ளி இட்டுக் கொடுங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் சுருங்கி நமக்கு வேண்டியது மட்டும் நிற்கும்.

1074 இருந்தால் அது முறையான ஷட்டவுன் அல்லது ரீஸ்டார்ட். எந்த நிரல், எந்தக் கணக்கு, என்ன காரணம் என்று அந்த வரியிலேயே எழுதியிருக்கும். விண்டோஸ் அப்டேட் என்றிருந்தால் செட்டிங்ஸில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' நேரத்தை உங்கள் வேலை நேரத்துக்கு மாற்றினால் போதும்.

86 என்பது, வெப்பம் எல்லை மீறியதால் விண்டோஸே அணைத்தது என்ற வாக்குமூலம். நேராகப் படி 5-க்குப் போய்விடலாம்.

41 தான் எல்லோரையும் குழப்புவது. 'கெர்னல் பவர்' என்று சிவப்புக் குறியோடு நிற்கும். அதைத் தேடிப்பிடித்து, "கெர்னல் பவர் எரர் வந்திருக்கு, அதை எடுத்துவிடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அது இறப்புச் சான்றிதழ். நோயின் பெயர் அல்ல. "போன தடவை சரியாக அணைக்கப்படவில்லை" என்று மறுபடி ஆன் ஆன பிறகு விண்டோஸ் எழுதுவது. அதனால் அதில் உள்ள மணியும் ஆன் ஆன மணிதான். உண்மையில் எத்தனை மணிக்குப் போனது என்பது 6008 வரியில் இருக்கும். அதை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள்.

41-ஐத் திறந்து 'டீட்டெயில்ஸ்' பக்கத்துக்குப் போனால் இரண்டு எண்கள் முக்கியம். 'பக்செக் கோட்' என்பது பூஜ்யமாக இல்லையென்றால் நடந்தது நீலத் திரை (1001 வரி இருந்தால் அதுவும் நீலத் திரைக்கான குறிப்புதான்). 26 என்றால் நினைவக நிர்வாகம், ரேம் மேல் ஒரு கண் வையுங்கள். 159 என்றால் தூங்கி விழிக்கும்போது ஏதோ ஒரு டிரைவர் சொதப்பியது. 292 என்றால் வன்பொருளே பிழை என்று முறையிட்டிருக்கிறது. 'பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்' பூஜ்யமாக இல்லையென்றால் பவர் பட்டன் நெடுநேரம் அழுத்தப்பட்டிருக்கிறது. நீங்கள் அழுத்தவில்லை என்றால் பட்டன் சிக்கிக்கொண்டிருக்கலாம். இப்போது பல மாடல்களில் பவர் பட்டன் கீபோர்டிலேயே டெலீட் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு சொட்டு டீ சிந்தினாலே போதும்.

இரண்டுமே பூஜ்யமா? விண்டோஸுக்கே ஒன்றும் தெரியவில்லை, கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரம் அறுந்துவிட்டது என்று பொருள். டீச்சரின் லேப்டாப்பில் இப்படி வரிசையாக இருந்தன. மூன்றாவது ஓஎஸ் போட்ட மறுநாளிலிருந்தே இருந்தன.

இந்த எண்களில் எதுவுமே இல்லையென்றால் அதே கட்டத்தில் 42, 506 என்று கொடுத்துப் பாருங்கள். அவை மட்டும் இருந்தால் லேப்டாப் தூங்கியிருக்கிறது. இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். மூடி மூடியிருக்கிறதா என்பதை லேப்டாப் ஒரு சிறு காந்தத்தை வைத்துத்தான் அறிகிறது. காந்தப் பூட்டு உள்ள வாட்ச் பட்டை, காந்தம் வைத்த போன் கவர், அடியில் வைத்த இன்னொரு லேப்டாப் எதுவானாலும் அந்த இடத்துக்கு அருகே வந்தால் மூடிவிட்டதாக நினைத்துத் தூங்கிவிடும். ஆபீஸ் பையன் ஒருவன் இரண்டு லேப்டாப்பை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி வேலை செய்துகொண்டு, மேலே இருப்பது கெட்டுப்போய்விட்டது என்று இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தான்.

படி 3: விண்டோஸ் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது

ஆன் செய்தவுடன் பயாஸ் திரைக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அடிப்படை செட்டிங்ஸ் திரை) போங்கள். டெல், ஏசர், ஆசூஸ் மாடல்களில் பெரும்பாலும் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2. அந்தத் திரையிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். போய் சமையலைக் கவனியுங்கள்.

அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் நிரபராதி. இனி யாராவது "ஓஎஸ் போட்டுப் பார்க்கலாம்" என்றால் லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். பயாஸில் அணையவில்லை என்றால் மட்டும் வன்பொருள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அங்கே வேலைப்பளு குறைவு. அடுத்ததாக லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கில் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டி, ஒரு நீண்ட வீடியோவை ஓடவிடுங்கள். விண்டோஸில் அணைவது இதில் அணையவில்லை என்றால், அதுவும் இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகு, அப்போது வேண்டுமானால் விண்டோஸையும் டிரைவர்களையும் சந்தேகிக்கலாம்.

டெல்லில் ஆன் செய்யும்போது எஃப்12, ஹெச்பியில் எஃப்2 அழுத்தினால் கம்பெனியே வைத்திருக்கும் வன்பொருள் பரிசோதனை வரும். ஓட்டிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. 'பாஸ்' என்று வந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

படி 4: பேட்டரியா, சார்ஜரா?

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றி, சார்ஜரைக் கழற்றி வேலை செய்யுங்கள். பிறகு சார்ஜர் போட்டு வேலை செய்யுங்கள். எதில் அணைகிறது?

சார்ஜர் இல்லாதபோது மட்டும் அணைந்தால் பேட்டரி. சதவீதம் காட்டுவதை நம்ப வேண்டாம். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் நம் வீட்டு பல்பு ஒரு கணம் மங்குகிறதே, பழைய பேட்டரிக்குள் நடப்பதும் அதுதான். வயதாக ஆக செல்லின் உள்தடை கூடுகிறது. சும்மா இருக்கும்போது வோல்டேஜ் சரியாகவே காட்டும். பிராசஸர் திடீரென்று கரண்ட்டை இழுத்ததும் வோல்டேஜ் சரியும். லேப்டாப் பேட்டரியில் பெரும்பாலும் மூன்றோ நான்கோ செல்கள் தொடராகக் கோத்திருப்பார்கள். அதில் ஒரே ஒரு செல் எல்லைக்குக் கீழே இறங்கினாலும் உள்ளிருக்கும் பாதுகாப்பு அட்டை முழு பேட்டரியையும் துண்டித்துவிடும். அதனால்தான் 96-லேயே சாவு.

விண்டோஸிடமிருந்தே பேட்டரி ஜாதகத்தை வாங்கலாம். ஸ்டார்ட்டில் ரைட் கிளிக், டெர்மினல் (அட்மின்). அதில் டைப் செய்ய வேண்டியதைப் போனில் சொல்வதுபோலச் சொல்கிறேன், ஆங்கிலத்தில் அடியுங்கள்: பவர் என்ற சொல், அதோடு ஒட்டி சி, எஃப், ஜி, ஒரு இடைவெளி, முன்சாய்ந்த கோடு, பேட்டரி ரிப்போர்ட் என்பது இடைவெளியில்லாமல் ஒரே சொல்லாக. என்டர் தட்டினால் ஒரு கோப்பு உருவாகி, அது இருக்கும் இடத்தையும் சொல்லும். பிரவுசரில் திறவுங்கள்.

அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' இன்றைய கொள்ளளவு. டீச்சரின் லேப்டாப்பில் முதலாவது 41,040, இரண்டாவது 11,300. நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிச்சம். என் கணக்கில் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் சந்தேகம், 40-க்குக் கீழே போனால் சந்தேகமே வேண்டாம். இதைவிடப் பெரிய சாட்சி அதே அறிக்கையில் உள்ள 'ரீசன்ட் யூசேஜ்' பட்டியல். 48 சதவீதத்திலிருந்து அடுத்த வரியிலேயே 5 என்று குதித்திருந்தால் வழக்கு முடிந்தது.

டீச்சருக்கு ஏன் இத்தனை நாள் புரியவில்லை? எப்போதும் சார்ஜர் போட்டே வேலை செய்வார். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்ட் போனால் விளக்குகூட அணையாது. ஆனால் கரண்டிலிருந்து இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும் அந்தக் கண்சிமிட்டல் நேரத்தை லேப்டாப் பேட்டரிதான் தாங்க வேண்டும். அது செத்திருந்ததால் ஒவ்வொரு முறையும் லேப்டாப் விழுந்தது. பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்னால் யுபிஎஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதில் வைத்தால் மாறும் நேரம் குறையும். அது தற்காலிக ஒட்டு. மருந்து, புது பேட்டரி.

சார்ஜர் போட்டிருக்கும்போது மட்டும் அணைகிறதா? அடாப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் எண்களைப் படியுங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 65 வாட். 65 கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜரைப் போட்டால் மெயில் பார்க்கும்வரை ஒழுங்காக ஓடும், கேம் தொடங்கினால் தடுமாறும். 'சார்ஜர் பின் உள்ளே போகுதே' என்பது ஒரு தகுதி இல்லை. யுஎஸ்பி-சி சார்ஜர் என்றால் கேபிளையும் பாருங்கள். 60 வாட்டுக்கு மேல் போக 5 ஆம்பியர் தாங்கும் கேபிள் வேண்டும், போனோடு வந்த மெல்லிய கேபிள் போதாது. இந்தியாவில் விற்கும் லேப்டாப் அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு கடையோ, வாங்கும்போது அதைத் தேடுங்கள்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் வோல்டேஜ் சரியாகவே இருக்கும். அதை வைத்து அடாப்டர் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். சுமை ஏறும்போது விழும் அடாப்டர் சும்மா இருக்கும்போது 19.5 காட்டிக்கொண்டுதான் இருக்கும். அதே வாட்டில் இன்னொரு நல்ல அடாப்டரை நண்பரிடம் ஒரு நாள் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. அப்படியே சார்ஜர் பின்னை லேசாக மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சார்ஜிங் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பின்னைச் செருகும் டிசி ஜாக் தளர்ந்திருக்கிறது. அது சின்ன வேலை, ஆனால் தள்ளிப்போட்டால் சூடேறி போர்டை எரிக்கும்.

டச்பேட் மேலெழும்பியிருக்கிறதா, மூடி சரியாக மூடவில்லையா, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா? பேட்டரி உப்பியிருக்கிறது. அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். அமுக்கவோ ஊசியால் குத்தவோ கூடாது, குத்தினால் தீப்பிடிக்கும். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பு.

படி 5: சூடு

வெப்பத்தால் அணையும் லேப்டாப்புக்கு ஒரு கையெழுத்து உண்டு. முதல் முறை 40 நிமிடம் ஓடும். உடனே ஆன் செய்தால் 5 நிமிடத்தில் போகும். அரை மணி ஆறவிட்டு ஆன் செய்தால் மறுபடி 40 நிமிடம். உங்கள் தாளில் இந்த வரிசை இருந்தால் வேறெங்கும் போக வேண்டாம்.

உறுதிப்படுத்த ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை 'சென்சார்ஸ் ஒன்லி' என்று திறந்து, கீழே உள்ள 'லாகிங்' பட்டனை அழுத்திவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அளவுகளை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். லேப்டாப் செத்து மறுபடி எழுந்ததும் அந்தக் கோப்பின் கடைசி வரியைப் படியுங்கள். பிராசஸர் 99 டிகிரி என்றிருந்தால் கொலையாளி வெப்பம். 60 என்றிருந்தால் வெப்பத்தை விட்டுவிட்டுப் படி 4-ஐ மறுபடி பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 வரை, கடும் வேலையில் 80 முதல் 95 வரை என்பது சாதாரணம். ஒரு வேலையும் இல்லாமல் 75-ல் நின்றால் கோளாறு.

ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்டெல் லேப்டாப் பிராசஸர்கள் பெரும்பாலானவை 100 டிகிரியைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அணைவது அதற்கும் மேலே போகும்போதுதான். ஆகவே நல்ல நிலையில் உள்ள லேப்டாப் வெயிலில் மந்தமாகும், சாகாது. சாகிறது என்றால் ஃபேன் நின்றிருக்க வேண்டும், அல்லது காற்று வழி முழுக்க அடைத்திருக்க வேண்டும், பேஸ்ட் காய்ந்து பொரிந்திருக்க வேண்டும். மெத்தை மேல் வைத்து வேலை செய்தால் அடிப்பக்கக் காற்று வழி அடைபடும் என்பதும் இதில் சேர்த்தி. அறை வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய 10 டிகிரி கூடும். ஜனவரியில் ஓடிய லேப்டாப் மே மாதத்தில் மக்கர் செய்வது அதனால்தான்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் இருந்த லேப்டாப் ஒருமுறை வந்தது. மேலிருந்து பார்த்தால் ஃபேன் பளிச்சென்று இருந்தது, சுற்றவும் செய்தது. ஃபேனைக் கழற்றியதும்தான் தெரிந்தது: ஃபேனுக்கும் செம்பு இதழ்களுக்கும் நடுவே பஞ்சு படிந்து படிந்து ஒரு பட்டையாகவே ஆகியிருந்தது. நகத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். முழுசாக, ஒரே துண்டாகக் கையோடு வந்தது. வெளியிலிருந்து எத்தனை முறை புளோயர் அடித்திருந்தாலும் அது நகர்ந்திருக்காது. இன்னும் கெட்டிப்பட்டிருக்கும். தூசி சுத்தம் செய்துவிட்டோம் என்று சொல்பவர்களிடம், ஃபேனைக் கழற்றினீர்களா என்று நான் கேட்பது இதனால்தான்.

நீங்களே செய்வதென்றால்: முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பின்மூடி ஸ்க்ரூக்களை எடுங்கள். எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீளமானதைக் குட்டைக்கான ஓட்டையில் முறுக்கினால் மேல்பக்க உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வையுங்கள். திறந்ததும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிறகு பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ஃபேன் இறகைப் பல்குச்சியால் நிறுத்திவைத்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். இல்லாவிட்டால் அது தறிகெட்டுச் சுழன்று கெடும். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் சேரும்.

பேஸ்ட் மாற்ற ஹீட்சிங்க்கை (சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகப் பகுதி) கழற்றும்போது ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருப்பார்கள். முறுக்கும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பில் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, சிப்பின் மேல் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல ஊற்ற வேண்டாம். ரப்பர் மாதிரி தெரியும் தெர்மல் பேடுகளை எடுத்துவிட்டு அங்கேயும் பேஸ்ட் தடவுபவர்கள் இருக்கிறார்கள். தவறு. பேட் நிரப்பும் இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

கூலிங் பேட் வாங்கலாமா என்று கேட்பார்கள். உள்ளே அடைத்திருக்கும்போது வெளியே விசிறி என்ன பயன்?

மணி பார்த்துச் சாகிறவை

வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், சூடானாலும் ஆகாவிட்டாலும், ஆன் செய்து கடிகாரம் வைத்ததுபோல ஒரே கால அளவில் அணைகிறது என்றால் பேட்டரியையும் ஃபேனையும் தொடவே வேண்டாம். இரண்டு காரணங்கள் எனக்குத் தெரியும்.

சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் விண்டோஸின் சோதனைப் பதிப்பு. என்டர்பிரைஸ் எவாலுவேஷன் என்று 90 நாளுக்கு இலவசமாகக் கொடுக்கப்படும் பதிப்பை நிறுவிப் பழைய லேப்டாப்பை விற்றுவிடுகிறார்கள். தவணை முடிந்ததும் அது ஒவ்வொரு மணி நேரமும் தானே அணைத்துக்கொள்ளும். ஈவென்ட் வியூவரில் 1074 வரியைத் திறந்தால் உரிமக் காலம் முடிந்தது என்று எழுதியிருக்கும். டெஸ்க்டாப்பின் வலது கீழ் மூலையிலும் 'எவாலுவேஷன்' என்ற சொல்லைத் தேடுங்கள். ஓஎஸ் மாற்றினால் உண்மையிலேயே குணமாகும் அபூர்வமான கேஸ் இது.

சரியாக 30 நிமிடம் என்றால் விஷயம் வேறு. இன்டெல் போர்டுகளில் மேனேஜ்மென்ட் என்ஜின் (எம்இ) என்று ஒன்று உண்டு, அதன் நிரல் பயாஸ் சிப்பில் ஒரு தனிப் பகுதியில் குடியிருக்கிறது. அந்த நிரல் கெட்டுப்போனால் போர்டு 30 நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடும். பயாஸ் அப்டேட் பாதியில் நின்ற பிறகோ, சர்வீஸில் வேறொரு போர்டின் பயாஸை ஏற்றிக் கொடுத்த பிறகோ இது தொடங்கியிருந்தால் சந்தேகம் பலம். பயாஸ் சிப்பை புரோகிராமர் கருவியில் வைத்து அந்தப் பகுதியைச் சுத்தமாக எழுதத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். "30 நிமிஷத்துல ஆஃப் ஆகுது, எம்இ ரீஜனைப் பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். உங்களை நடத்தும் விதமே மாறும்.

படி 6: ரேமும் மற்றதும்

ரேம் கெட்டால் பெரும்பாலும் நீலத் திரையோ உறைந்து நிற்பதோதான் வரும், வெட்டாக அணைவது குறைவு. ஸ்டார்ட்டில் 'மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓட்டுங்கள். திருப்தியில்லை என்றால் மெம்டெஸ்ட் 86-ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ரேமின் காலில் உள்ள தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்ப்பது பழைய வைத்தியம், இன்றும் பலிக்கிறது. யுஎஸ்பியில் செருகியிருப்பதையெல்லாம் ஒரு நாள் பிடுங்கி வையுங்கள். பின் வளைந்த போர்ட் ஒன்று ஷார்ட்டாகி லேப்டாப்பையே விழவைப்பதுண்டு.

படி 7: போர்டு

நல்ல பேட்டரி, நல்ல அடாப்டர், 60 டிகிரி, பயாஸிலும் அணைகிறது, நேரக் கணக்கும் இல்லை என்றால் மிஞ்சுவது மதர்போர்டுதான். லேப்டாப்பை ஒரு மூலையில் தூக்கினால் அணைகிறது என்றால் விரிசல் விட்ட சால்டர். எப்போதாவது டீ, காபி சிந்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிந்திய அன்று ஒன்றும் ஆகாது. சர்க்கரையும் ஈரமும் சேர்ந்து பச்சை பூத்து, வாரங்கள் கழித்து வேலையைக் காட்டும்.

இது சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் உள்ள சிறு பாகங்களைத் தனித்தனியாக மாற்றும் வேலை. கொடுக்கும்போது, "ஆஃப் ஆகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். உங்கள் தாளை நகல் எடுத்துக் கொடுங்கள். எந்த பேட்டரி, எந்த அடாப்டர் மாற்றிப் பார்த்தாயிற்று, கடைசி வரியில் எத்தனை டிகிரி, 41-ல் என்ன எண் என்று எழுதுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். முழு போர்டையும் மாற்ற வேண்டும் என்றால் இன்னொரு இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பல நேரம் சார்ஜிங் பகுதியில் மாஸ்ஃபெட் என்ற ஒரு சின்ன பாகத்தை மாற்றினால் போதும்.

சரியானதா என்று பார்ப்பது

எதைச் சரிசெய்திருந்தாலும், முன்பு எந்தச் சூழ்நிலையில் அணைந்ததோ அதே சூழ்நிலையை நீங்களே உண்டாக்கிப் பாருங்கள். பேட்டரி என்றால் வீடியோ ஓடும்போது சார்ஜரைப் பத்து முறை பிடுங்கி மாட்டுங்கள். வெப்பம் என்றால் 40 நிமிடத்தைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு ஒரு வாரம் கழித்து ஈவென்ட் வியூவரில் அதே எண்களை வடிகட்டுங்கள். என் பழக்கம், பின்மூடிக்கு நான்கு மூலை ஸ்க்ரூவை மட்டும் போட்டு அனுப்புவது. ஏழு நாளில் புதிதாக ஒரு 41-கூட வரவில்லை என்றால், மீதி ஸ்க்ரூக்களை வாங்கிப்போகச் சொல்லுவேன்.